டிவியை நிறுத்திய வாரம்

என் தங்கைக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். அந்த இயந்திரம் போடுகிற சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. அதனால் அங்கே எல்லாம் ஜாடைதான். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. விரலைச் சுழற்றினால் திருப்பிப் போடு.

வீடு வந்து சேர்ந்தால் அவளுக்கு வாயைத் திறக்கவே தெம்பு இருக்காது. புருஷன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். நாலு வயது மகளுக்குத் துணை, டிவி கார்ட்டூனில் வருகிற கரடிக் குடும்பம். அந்தக் கரடிகள் பேசுவது எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியாத பாஷை. குழந்தைக்கோ அது தண்ணி பட்ட பாடு. போன மாதம் எங்கோ வலிக்கிறது என்று அந்தப் பாஷையிலேயே சொல்லி அழுதது. தங்கை வயிற்றைத் தடவினாள், காதைத் தடவினாள், கடைசியில் அவளும் சேர்ந்து அழுதாள்.

"நான் பெத்தது என்ன சொல்லுதுன்னு எனக்கே புரியலயேக்கா."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "எல்லாம் இந்தச் சனியன் புடிச்ச பெட்டியாலதான்" என்று டிவி வயரைப் பிடுங்கிச் சுருட்டி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். தமிழ் தானாக வந்துவிடும் என்று எனக்கு நினைப்பு. தமிழ் வரவில்லை, இருந்த பேச்சும் போனது. அந்த வாரம் முழுக்கக் குழந்தை ஒரு மூலையில் உம்மென்று உட்கார்ந்திருந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலும் அதே வேலை, தலையெழுத்து. குழந்தை தரையில் பொம்மைகளைப் பரப்பியிருந்தது. முயல் விழுந்தது, வாத்து ஓடிவந்து கரடிப் பாஷையில் கொஞ்சியது, இரண்டும் சிரித்தன. பிறகு ஒரு பெரிய துணிப் பொம்மை வந்தது. அது ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை அதன் கையை மட்டும் தூக்கிக் காட்டியது. முயலும் வாத்தும் கப்சிப்.

"இந்தப் பொம்மை மட்டும் ஏன்டா கண்ணு பேசல?" என்றேன்.

"பெரியம்மா, அது அம்மா. அம்மா பேச மாட்டாங்க. கைதான் காட்டுவாங்க."

அத்தனையும் தெளிவான தமிழ். தங்கை கையில் இருந்த துண்டு பாதி மடிப்பில் நின்றது.

"வீட்லயுமா நான் கை காட்டுறேன்?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

பையிலிருந்து வயரை எடுத்து டிவி பக்கத்தில் வைத்தேன். யாரும் அதை மாட்டப் போகவில்லை. தங்கை சுவரில் சாய்ந்து மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். என்ன பேசுவதென்று தெரியாமல், உருளைக்குள் தலையணை உறை சிக்கிக்கொண்ட கதையைக் கரகரத்த குரலில் ஆரம்பித்தாள். சூப்பர்வைசர் ஓடிவந்து வழுக்கி விழுந்த இடத்தில், பாவம், தங்கைக்குத் தூக்கத்தில் கண் சொருகிவிட்டது.

குழந்தை அவள் கன்னத்தைத் தட்டியது. "அப்புறம் என்னாச்சும்மா?"

தூங்கட்டும் விடு என்று சொல்ல என் கை தானாக மேலே எழுந்தது. சட்டென்று இறக்கிக்கொண்டேன்.

"அம்மா, அப்புறம்?"

தங்கை கண்ணைத் திறக்கவில்லை. "விழுந்தாரா," என்றாள், "எந்திரிச்சுப் பாத்தா, ஒத்தக் கால் செருப்பக் காணோம்..."