ஒன்றே கால் குடம்

காலை ஐந்து மணி பத்து நிமிடம். டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது, காலி டிரம்மின் உட்சுவரில் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வளையமாக ஒட்டியிருந்த கறுப்புத் துகள்கள். டீத்தூள் அளவுதான் இருந்தன.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்குப் பதினாறு நாளைக்கு ஒருமுறை குடிநீர் வரும். அன்று முறை. ஒன்பது வயது மகள் டெங்குக் காய்ச்சலுடன் அரசு மருத்துவமனையில் இருந்தாள். முந்தின நாள் காய்ச்சல் விட்டிருந்தது. விட்ட பிறகு வரும் இரண்டு நாள்தான் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவியை அங்கே இருக்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்க வந்தேன்.

அந்தத் துகள்களை எனக்குக் காட்டியவர் முந்தின நாள் வந்த மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர். பங்குனி மாதம், மழை பெய்து நாலு மாதம் ஆகிறது, தெருவில் வேறு யாருக்கும் காய்ச்சல் இல்லை, பிறகு இவளுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். ஐப்பசியில் எதிர்வீட்டு பாயின் மகனுக்கு வந்ததோடு சரி.

அவர் டிரம்முக்குள் கைவிட்டுத் தடவினார். "தண்ணியக் கொட்டுனா புழுதான் சார் போகும். முட்டை ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல காஞ்சு கெடக்கும். தண்ணி பட்டா பொரிஞ்சுரும்."

"பொரியட்டும். நோயாளியக் கடிக்காத கொசுவுக்கு நோய் ஏது?"

"தாய்க்கு இருந்தா முட்டையிலயும் ஏறிரும் சார். எல்லாத்துக்கும் இல்ல, சிலதுக்கு. அது பொறக்கும்போதே கிருமியோட பொறக்கும்."

"அப்ப இந்த டிரம்முதானா?"

"அத எப்படிச் சார் அடிச்சுச் சொல்றது? எங்கயோ இருந்து பறந்து வந்ததாவும் இருக்கலாம்."

நான் நாளிதழ் நிருபர். தேங்கிய நீரைக் கொட்டுங்கள் என்று அந்த மழைக்காலத்தில் நானே செய்தி எழுதியிருந்தேன். சுவரைத் தேய்க்க வேண்டும் என்பது அதில் இல்லை. எனக்குத் தெரியாது.

கார்த்திகையில் இந்த டிரம்மைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தோம். மாசியில் தண்ணீர் முறை தள்ளிப்போனதும் மறுபடி எடுத்தோம். "ஒரு தேய்ப்பு தேச்சுட்டு ஊத்துவோம்ங்க" என்றாள் மனைவி. "தேய்க்கிற தண்ணியில ஒரு நாள் சோறாக்கலாம்" என்றேன். அப்படியே நிரப்பினோம். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். டிரம்மைக் கழுவுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்போம்.

இப்போது தேங்காய் நாரால் தேய்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா குடத்துடன் நின்று பார்த்தார்.

"ஏந்தம்பி, தண்ணி நின்னுறப் போகுது. டிரம்முக்குக் கல்யாணமா, இம்புட்டுத் தேய்ப்பு?"

கொசு முட்டை என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

"பிள்ளை எப்படி இருக்கு?"

"ரெண்டு நாள் போகணும்ங்கிறாங்க. உங்க டிரம்மையும் தேச்சுருங்கக்கா."

"தேய்க்கலாம்தான். அப்புறம் பதினாறு நாளைக்குத் தண்ணிக்கு நான் எங்க போவேன்?" என்று தன் டிரம்மில் குடத்தைக் கவிழ்த்தார்.

எட்டு மணிக்கு மருத்துவமனைக்குப் போனேன். மகளின் கை கால் சில்லிட்டிருந்தன. வயிறு வலிக்கிறது என்றாள். நர்ஸ் இரண்டாவது பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தார். மனைவி மகளின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு. டிரம்மத் தேச்சேன்."

கொஞ்ச நேரம் அவள் கை நின்றது.

"தேய்க்க எம்புட்டுத் தண்ணி பிடிச்சுச்சு?"

"ஒன்னே கால் குடம்."

அவள் மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். மகள் மறுநாள் மாலை நாலு மணி இருபது நிமிடத்துக்கு இறந்தாள்.