அன்ரனின் வாக்கு

இந்த நாட்டில் முதன்முதல் வாக்குப் போடப் போன நாள், பென்சிலால் புள்ளடி போட்டுத் தாளைப் பெட்டிக்குள் விட்டபின், வெளியே போகாமல் மேசைக்கு முன்னால் நின்று இடக்கைச் சின்னவிரலை நீட்டினேன். மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காயமா? பிளாஸ்டர் வேண்டுமா?" என்று கேட்டார். ஊரில்போல மை பூசுவார்கள் என்று நினைத்து நிற்கிறேன் என்று விளக்க அப்போது எனக்கு ஆங்கிலம் போதவில்லை. 'யெஸ்' என்றேன். லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியிலிருந்த அந்தப் பள்ளிக்கூட மண்டபத்திலிருந்து, காயமில்லாத விரலில் பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மை பூசினாலும் கள்ள வாக்கு விழும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மன்னாரில் ஆசிரியராக இருந்தபோது ஒரு ஜனாதிபதித் தேர்தலில் எனக்குக் கடமை வந்தது. வாக்காளரின் பெயரை உரத்து வாசித்து, பட்டியலில் அந்தப் பெயரின் மேல் கோடு இழுப்பதுதான் வேலை. மத்தியானத்துக்கு முன் நான்கு பேர் ஒரு கட்டு வாக்காளர் அட்டையோடு வந்தார்கள். ஒருவனின் இடுப்பில் துவக்கு இருந்தது. எனக்கு மேலே இருந்த அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு, "தம்பி, பேரை வாசியும்" என்றார். வாசித்தேன். வள்ளத்தில் இந்தியாவுக்கு ஓடியவர்கள், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள், என்னிடம் படித்தவன், செத்தபோது நானே குழிக்குள் மண் போட்ட ஒருவன். எல்லோருக்கும் கோடு இழுத்தேன். அடுத்த ஞாயிறு நற்கருணை வாங்கினேன். செய்த பாவத்தைச் சுவாமியாரிடம் சொல்லாமல் அதை வாங்கக்கூடாது; பாவசங்கீர்த்தனத்தில் நான் கோடு இழுத்ததைச் சொல்லவில்லை. லண்டனுக்கு வந்த பிறகும் சொல்லவில்லை.

என் தங்கை ஸ்ரெல்லா என்னோடுதான் இருக்கிறாள். அவளுடைய கணவன் அன்ரனைப் போர் முடிந்த கிழமையில் விசாரணை என்று இராணுவத்தினர் பஸ்ஸில் ஏற்றினார்கள். எங்கே இறக்கினார்கள் என்று கண்டவர் எவருமில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கும்படி எத்தனையோ பேர் சொன்னார்கள். ஊரிலிருக்கும் அன்ரனின் தாய், எங்களுக்கு மாமி, மறுத்துவிட்டார். வருடாவருடம் வாக்காளர் பதிவுக்குக் கிராம சேவகர் வரும்போது மகனின் பெயரையும் எழுதச் சொல்வார். "என்ரை பிள்ளை இந்த வீட்டிலைதான் இருக்கிறான்" என்பார். கிராம சேவகரும் எழுதிக்கொண்டு போவார்.

இந்தமுறை ஊரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னைய கிழமை, லண்டனில் எங்கள் கோயில் பங்கிலுள்ள தமிழாட்கள் கூடிச் செபமாலை சொன்னோம். களவில்லாமல் நடக்கவேண்டும் என்பதுதான் மன்றாட்டு. அந்தத் தேர்தலில் எங்களில் ஒருவருக்கும் வாக்கில்லை. கடவுளிடம் கேட்க மட்டும்தான் முடிந்தது.

வாக்களிப்பு நாள் காலையில் அன்ரனின் தம்பி யூட் ஊரிலிருந்து ஸ்ரெல்லாவுக்கு அழைத்தான். "அண்ணி, நான் போட்டிட்டு வாறன். லிஸ்ற்றிலை அண்ணையின்ரை பேருக்கும் கோடு விழுந்திருக்கு. அவரின்ரை வோட்டு ஏற்கெனவே போட்டாச்சாம்."

ஸ்ரெல்லா சமையலை விட்டுக் குசினித் தரையில் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டாள். "வந்திருக்கிறார்" என்றாள்.

அன்று மத்தியானமே நன்றிப் பூசைக்குக் கொடுக்கப் பங்கு அலுவலகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு: உயிரோடு இருப்பவர், இறந்தவர். இத்தனை வருடமும் அன்ரனுக்குப் பூசை கேட்கும்போது இரண்டையும் வெறுமையாக விட்டுத்தான் கொடுப்பாள். அன்று முதலாவதில் அழுத்திப் புள்ளடி போட்டாள். அங்கே வேலை செய்யும் ஆங்கிலேய அம்மா அதைப் பார்த்துவிட்டு, "சுகமாகிவிட்டாரா?" என்று கேட்டார்.

"அவர் வோட் பண்ணினவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் ஸ்ரெல்லா.

"மிகவும் நல்லது. எல்லோரும் போடத்தான் வேண்டும்" என்று அவர் சிரித்தார்.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. கார்கள் நிறுத்துமிடத்தில் வைத்து, கள்ள அட்டையோடு யாரும் வந்திருக்கலாம், பட்டியலோடு இருந்த அலுவலர் வரி மாறிக் கோடு இழுத்திருக்கலாம் என்றேன்.

"உங்களுக்கு என்னெண்டு தெரியும் அண்ணை?"

சொன்னேன். நாலு பேர் வந்ததை, நான் வாசித்த பெயர்களை, துவக்கை. அவள் துவக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்ப நீங்கள் கோடு போட்ட ஆக்களின்ரை வீட்டிலையும் ஆரோ ஓடிப்போய்ப் பூசைக்குக் குடுத்திருப்பினம், என்ன?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. படிவத்தை மாற்றவும் போகவில்லை.

ஞாயிறு தமிழ்ப் பூசையில் பாதிப்பேர் மடிக்குள் போனை வைத்து வாக்கு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூசை வைத்த சுவாமியார், உயிரோடு இருப்பவர்களின் வரிசையில் அன்ரனின் பெயரை வாசித்தார். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் முழுக்கச் சொன்னது. நற்கருணைக்கு எழும்பிய ஸ்ரெல்லா என் முழங்காலைத் தாண்டிப் போனாள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளுடைய போன் அடித்தது. மாமி. ஸ்ரெல்லா அதை என்னிடம் நீட்டி, "நீங்களே சொல்லுங்கோ" என்றாள்.

ஊரில் பொழுதுபடும் நேரம். மாமியின் குரல் மெலிந்திருந்தது. "தம்பி, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். பள்ளிக்கூடம் எங்கடை வீட்டுக்குப் பக்கத்திலைதானே. வோட்டுப் போட வந்தவன் ஏன் என்னட்டை வரேல்லை?"

சொல்லவேண்டியது எனக்குத் தெரியும். முந்தினநாள் தங்கைக்குச் சொன்னதுதான்.

"பயந்திருப்பார் மாமி" என்றேன்.

"ஓம், அதுதான். ஆமிக்காரர் நிக்கினம் எண்டு பயந்திருப்பான்." பிறகு சொன்னார்: "இண்டையிலை இருந்து நான் வாசல் படலையைப் பூட்டமாட்டன் தம்பி. அவன் எந்த நேரம் வந்தாலும் வரட்டும்."

ஸ்ரெல்லா போனை என் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டாள். பஸ் எங்கள் தரிப்பிடத்தின் பெயரை ஆங்கிலத்தில் சொன்னது. அவள் இறங்கிப் போனாள். கதவு மூடும்வரை நான் எழும்பவில்லை. நான் சொன்ன பொய்யால் பூட்டாமல் கிடக்கும் அந்தப் படலைக்கு முன்னால், உள்ளே போக வழியில்லாமல் நிற்பதுபோல் இருந்தது.