மாடி ஹீட்டரில் சொட்டிய தண்ணீர்

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு பங்குனி மாதம். ராமநாதபுரத்தில் நாங்கள் கீழ்வீட்டில் இருக்கிறோம், கணவரின் அண்ணன் குடும்பம் மாடியில். காலொடிந்து படுத்திருந்த மாமனார் எங்களோடு இருந்தார்.

மாடியில் புதிதாக வாட்டர் ஹீட்டர் வாங்கினார்கள். குளியலறையில் இடமில்லை என்று அதைச் சாமான் அறைச் சுவரில் மாட்டினார்கள். அதற்கு நேர் கீழேதான் மாமனாரின் கட்டில். ஹீட்டரில் அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியேவிட ஒரு வால்வு உண்டு. அதை அடைக்கவே கூடாது, ஒரு ஹோஸ் மாட்டிக் குளியலறைக்குள் விட்டுவிடுங்கள் என்று பிளம்பர் சொல்லிவிட்டுத்தான் போனார். இவர்கள் அடியில் ஒரு வாளியை வைத்தார்கள். எங்கள் ஊர் உப்புத்தண்ணீரில் வால்வு சீக்கிரமே கெட்டு, ஓயாமல் சொட்ட ஆரம்பித்தது.

கீழே கூரையில் ஈரம் படர்ந்ததும் மேலே போய்ச் சொன்னேன்.

"புது டைல்ஸ் மேல ஹோஸ் கெடந்தா பாக்க நல்லாவா இருக்கும்? வாளிய அப்பப்ப ஊத்திக்கிறேன்" என்றாள் என் ஓரகத்தி. கணவர் அண்ணனிடம் கேட்டதற்கு, பொறாமையில் குறை சொல்கிறோம் என்று பதில் வந்தது. மாமனாரை இடம் மாற்றவும் வழியில்லை. கழிப்பறையை ஒட்டிய அறை அது ஒன்றுதான்.

பிறகு அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பக்கத்தில் சிக்கல் என்ற ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். வாளியை ஊற்ற ஆளில்லை. ஒரு காலையில் நான் அடுப்படியில் இருந்தபோது தடாலென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கூரையின் காரை பெயர்ந்து மாமனாரின் தோளில் விழுந்திருந்தது. சிமெண்டுத் தூளும் தண்ணீருமாகக் கிடந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, பெரியவனுக்கு இப்பப் போன் போட வேணாம். கல்யாண வீட்டுல இருக்கான்."

ஆனாலும் சொன்னோம். மறுநாள் வந்த மூத்தவர், அப்பாவின் கட்டுப் போட்ட தோளைப் பார்க்குமுன் கூரையைத்தான் பார்த்தார்.

"பழைய வீடு. என்னைக்கா இருந்தாலும் விழத்தான் செய்யும்."

மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரமே மேலே ஹோஸ் மாட்டிவிட்டார்கள். மாமனாருக்கு இன்னும் வலது கை தூக்க வரவில்லை, நான்தான் சோறு ஊட்டுகிறேன். மகன்கள் பிரிந்துவிடக் கூடாது என்று அவர் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. பெற்றவரைவிடத் தரையின் அழகைப் பெரிதாக நினைத்தவர்களைத் தினமும் வாசலில் பார்த்து, சாப்பிட்டீர்களா என்று கேட்கிறேன். அந்தக் கசப்பை விழுங்கத்தான் எனக்கு இன்னும் பழகவில்லை.