சலவையறையில் பெயர்கள் மறைந்த கதை

யெவ்லே என்ற குளிர்தேச நகரத்தில், பதினான்கு வீடுகள் கொண்ட மூன்று மாடிக் கட்டிடத்தின் முதல் மாடியில் குடியிருக்கும் குன்வோர் எக்ஸ்டாமுக்கு வயது அறுபத்து நான்கு. நகராட்சி நூலகத்தில், புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்குக் கடிதம் எழுதும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த எழுத்தாற்றல் துருப்பிடித்துவிடக் கூடாதே என்று, அடித்தளத்தில் இருக்கும் பொதுச் சலவையறைக்கு அதை அர்ப்பணித்தார். துணி உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் பஞ்சை அப்படியே விட்டுப் போனவர், தன் முறை முடிந்து நான்கு நிமிடமாகியும் துணியை எடுக்காதவர் யாராயிருந்தாலும் மறுநாள் சலவையறைக் கதவில் சீட்டு ஒட்டியிருக்கும். எழுதியவர் பெயர் இருக்காது. எழுதியது யார் என்பது பதினான்கு வீட்டுக்கும் தெரியும். படிக்கட்டில் பார்த்தால் எல்லோரும் அவருக்கு வணக்கம் சொல்வார்கள். நாகரிகம் என்றால் அதுதான்.

இந்த ஒழுங்கைக் குலைத்தவர் இரண்டாம் மாடி சிக்ஸ்டன் ப்ரூமான். மனைவியை இழந்தவர், முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். தனக்கு வந்த சீட்டின் அடியிலேயே, “பஞ்சு என்னுடையது. மன்னிக்கவும்” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அந்தச் சலவையறை அப்படியொரு நேர்மையைக் கண்டதில்லை. குன்வோருக்கு அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

முறையைக் கைபேசிச் செயலியில்தான் பதிவு செய்ய வேண்டும். வாரம் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் பதிவு செய்தவர் பெயர் இருக்கும். சிக்ஸ்டனின் கட்டத்துக்கு முந்தைய கட்டம் எப்போதும் குன்வோருடையது. ஒருவர் வெளியேறி மற்றவர் நுழையும் அந்த மூன்று நிமிடத்தில் குளிரின் அளவு பற்றிப் பேசிக்கொள்வார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் சிக்ஸ்டன் குன்வோரின் படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தார். இதற்கு மேல் விவரிப்பது பண்பல்ல.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை செயலி தன்னைத் தானே மேம்படுத்திக்கொண்டது. பெயர்கள் போய்ச் சாம்பல் நிறக் கட்டங்கள் வந்தன. துவாலையை அணைத்துச் சிரிக்கும் பெண்ணின் படம் பாதித் திரையைப் பிடித்துக்கொண்டது. முன்பதிவுப் பொத்தான், மூலையில் இருக்கும் மூன்று சிறு கோடுகளுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

குன்வோர் உடனே குடியிருப்போர் சங்கத் தலைவி அன்னெலியைத் தொலைபேசியில் பிடித்தார்.

“அது தனியுரிமைக்காக, குன்வோர். யார் எப்பத் துவைக்கிறாங்கன்னு மத்தவங்களுக்கு எதுக்கு?”

“ஜட்டியெல்லாம் ஒரே கயித்துல காயுது அன்னெலி. நேரத்துல மட்டும் என்ன ரகசியம்?”

அன்னெலி, இதைக் குழுவில் வைத்துப் பேசுவதாகச் சொன்னார். அதாவது, பேசப் போவதில்லை.

ஒரு மாடி ஏறி, சிக்ஸ்டன் வீட்டு மணியடித்துக் கேட்டிருக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். அவர்கள் யெவ்லேயில் வாழ்ந்தவர்களாக இருக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை கதவுக்குப் பின்னால் செருப்போடு காத்திருந்து, பிறகே வெளியே வருகிறவர்கள் வாழும் ஊர் அது. சொல்லாமல் மணியடிக்கும் உரிமை தீயணைப்புத் துறைக்கு மட்டும்தான்.

ஆகவே குன்வோர் அறிவுள்ள வழியைத் தேர்ந்தெடுத்தார். வாரத்துக்கு நான்கு முறை, வெவ்வேறு நேரங்களில் துவைத்தார். திரைச்சீலைகள், பனிக்கால மேலங்கி, அலமாரியில் ஏற்கெனவே வெளுத்து மடித்திருந்த விரிப்புகள் என்று எதையும் விடவில்லை. தனக்கு அடுத்து யார் கூடையோடு வருகிறார் என்று வாசலைப் பார்த்தபடியே மடித்தார். யார் யாரோ வந்தார்கள். சிக்ஸ்டன் வரவில்லை. மூன்றாவது வாரம் கதவில் ஒரு சீட்டு. “ஒருவரே நான்கு முறை எடுத்துக்கொள்கிறார். மற்றவர்களும் துணி உடுத்துகிறோம்.” குன்வோர் இருமுறை படித்தார். நடை சுமார்தான், ஆனாலும் உறைத்தது. வீட்டில் துவைக்க இனி சோபா மட்டுமே பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல், இரண்டாம் மாடிக்கு ஏறி மணியடித்தார்.

சிக்ஸ்டன் கதவைத் திறந்தார். முழங்கைவரை சோப்பு நுரை, முகத்தில் கலவரம்.

“யாராவது செத்துட்டாங்களா?”

“இல்ல.”

“கீழ தண்ணி ஒழுகுதா?”

“இல்ல சிக்ஸ்டன். நீங்க இப்பெல்லாம் எப்பத் துவைக்கிறீங்க?”

அவர் குளியலறைப் பக்கம் தலையாட்டினார். “ஒரு மாசமா தொட்டியிலதான். அந்தப் பதிவு பண்ற பொத்தான் எங்க போச்சுன்னே தெரியல.”

மூலை, மூன்று கோடு, மூன்றாவது வரி. குன்வோருக்கு மனப்பாடம். சொல்லிக்கொடுக்க அரை நிமிடம் போதும். நாற்பது வருடம் எழுத்தில் ஒரு பொய்கூடச் சொல்லாத அந்த அம்மாள், நிமிர்ந்து நின்று சொன்னார்:

“அதைத் தூக்கிட்டாங்க. இனிமே யாராவது ஒருத்தர்தான் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பதிவு போடணுமாம்.”

ஏன் தூக்கினார்கள், யார் சொன்னது என்று சிக்ஸ்டன் எதையும் கேட்கவில்லை.

“அப்ப நீங்களே போட்டுடுங்க. அடுத்தடுத்து இருந்தா எனக்கும் சௌகரியம்” என்றார். பிறகு, நுரைக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, “காபி போடட்டுமா?” என்று கேட்டார்.

குன்வோர் காலணியைக் கழற்றினார்.