பொன்னியம்மாள் நட்ட அளவுக்கல்

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே இறங்கி, புது அடுக்குமாடிகளின் முதுகுப் பக்கத்தைத் தாண்டினால் ஒரு குட்டை வரும். அக்கம்பக்கத்து வீடுகளின் கழிவுநீர் அங்கே வந்து சேர்ந்து, வெயிலிலும் காற்றிலும் கிடந்து தெளிந்து, மறுபக்கம் வழிந்து போகும். சர்க்கார் ஆபீஸ் காகிதத்தில் அதற்கு ஒரு முழ நீளப் பெயர் இருக்கிறது. ஊரில் அது வெறும் 'பாண்டு'. அந்தப் பாண்டு பொன்னியம்மாளின் ராஜ்யம்.

வயது ஐம்பத்தெட்டு. படிப்பு மூன்றாம் வகுப்பு. ஜல்லிச் சட்டி தூக்கும் சித்தாளாகத் தொடங்கி, குழாய் பதிக்கக் கற்றுக்கொண்டு, மேஸ்திரிக்கே மட்டம் பார்த்துச் சொல்லும் நிலைக்கு வந்தவள். எவன் சிபாரிசும் இல்லாமல் பதினோரு வருஷமாகப் பாண்டின் காவலும் பராமரிப்பும் அவள் கையில். அந்த வட்டாரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பாண்டுக்காரம்மா என்றால் வழி காட்டுவார்கள்.

ஒரு ஏக்கர் குட்டை. மூன்று பக்கம் மேட்டு நிலம். தெற்கே மட்டும் ஆள் உயரத்துக்கும் மேலான மண்கரை. அந்தக் கரையை ஒட்டிப் பள்ளத்தில் முப்பத்திரண்டு வீடுகள். தங்கள் ஜன்னல் உயரத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது என்பது அங்கே குடியிருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பொன்னியம்மாளுக்குத் தெரியும். அதனால்தான் அவளுக்கு அளவு முக்கியம்.

ஆபீஸ் வைத்த இரும்பு அளவுப் பலகையை எவனோ பழைய இரும்புக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அடுத்தது வர ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். ஒரு வருஷம் காத்திருக்கிற பொம்பளையா அவள்? ஒரு வேலிக்கல்லை வாங்கித் தெற்குக் கரையின் உட்சரிவில் தானே நட்டு, அங்குலத்துக்கு ஒன்றாகச் சிவப்புக் கோடு போட்டாள். கண்ணளவாகவும் இல்லை. வடக்கு மூலையில் பாறைமேல் ஒரு கான்கிரீட் தொட்டி உண்டு. அதன் விளிம்பைத் தாண்டித்தான் தெளிந்த தண்ணீர் வெளியே வழியும். அந்தத் தொட்டியில் ஒரு ஆணி அடித்து, அந்த ஆணிக்கு நேர் மட்டமாகக் கல்லின் பதினான்காம் கோட்டை வைத்தாள். தினமும் காலையில் கல்லைப் படம் எடுத்து ஜூனியர் இன்ஜினியர் தீபாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவாள். இருபதாம் கோட்டைத் தண்ணீர் தொட்டால் கரைக்கு ஆபத்து. பார்க்க வந்த பெரிய அதிகாரி ஒருவரே கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யாரும்மா நட்டது?" என்று கேட்டார். அதை அவள் இன்றைக்கும் சொல்லாத நாள் இல்லை.

வம்பு ஆனி மாதம் ஆரம்பித்தது. எப்போதும் பதினான்கில் நிற்கும் தண்ணீர் பதினைந்துக்கு வந்தது. ஆடியில் பதினாறு. ஆவணியில் பதினேழு. மழையோ பேருக்குத் தூறியதோடு சரி. புரட்டாசி பிறந்தபோது பதினெட்டு.

மழை இல்லாமல் தண்ணீர் ஏறுகிறதென்றால் எவனோ ஊற்றுகிறான். எவன்? அதற்கு அவள் அதிக தூரம் யோசிக்கவில்லை. குழாய் போகாத தெருக்களில் செப்டிக் டேங்க் உறிஞ்சும் மூன்று லாரிகள் தனசிங்குக்குச் சொந்தம். ஒவ்வொன்றின் நெற்றியிலும் அவன் மனைவி ஜெயசீலியின் பெயர். ஒரு நாளைக்கு ஆறு லோடு பாண்டில் இறக்க அவனுக்கு டோக்கன் உண்டு. ஆறுக்கு மேல் இறக்குகிறான் என்று முடிவு கட்டினாள்.

மாலையில் கேட்டைப் பூட்டும்போது குறுக்கே ஒரு கறுப்பு நூல் கட்டினாள். விடிந்து பார்த்தால் நூல் அறவில்லை. லாரி வரும் தடத்தில் கோலமாவு தூவி வைத்தாள். காலையில் அதில் ஒரு நாயின் கால்தடம் மட்டும் இருந்தது. வேறொருத்தியாக இருந்தால் சந்தேகத்தை விட்டிருப்பாள். இவளுக்கு அது இன்னும் ஊறியது. நூலை அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிறவன் எவ்வளவு கைதேர்ந்தவனாக இருக்க வேண்டும்! டிரைவர் வணக்கம் சொன்னால் ஏன் சொல்கிறான் என்று பார்த்தாள். சொல்லாவிட்டால் ஏன் சொல்லவில்லை என்று பார்த்தாள். முன்பெல்லாம் வாரம் ஒருமுறை கரையின் அடிவாரத்தை நடந்து பார்ப்பாள். இந்த நாலு மாதமாக அந்த நேரமும் கேட்டுப் பக்கமே போயிற்று.

கடைசியில் தீபாவைக் கூப்பிட்டாள்.

"நேர்ல பாத்தீங்களா பொன்னியம்மா?" என்றாள் தீபா.

"கல்லு பாத்துச்சு மேடம். கல்லுக்கு யார் மேல பகை?"

தனசிங்கின் டோக்கன் நிறுத்தப்பட்டது. மூன்றாம் நாள் காலையில் அவன் பைக்கில் வந்து இறங்கினான்.

"இன்னாக்கா, மூணு வண்டியும் மூணு நாளா நிக்குது. நான் ஊத்தினத நீ பாத்தியா?"

"பாக்கணும்னு இல்ல. நாலு அங்குலம் ஏறிக்கீது. ஒரு அங்குலத்துக்குப் பதினோரு லோடு. கணக்கு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"நாப்பத்தி நாலு லோடா? இந்த டிராபிக்குல ஆறு லோடு அடிக்கவே என் உயிர் போவுது. ஒரே பேஜார்க்கா உன்னோட!"

"நாடகம் ஆடாத. நூலை அவுத்துக் கட்டினவன்தான நீ."

"எந்த நூலு?" தனசிங் நிஜமாகவே விழித்தான். பிறகு அவனுக்கும் கோபம் ஏறிற்று. "செரி, ஊத்தினேன்னே வச்சுக்க. ஏறின தண்ணி அந்த மூலைத் தொட்டில கூடுதலா வழியணுமா வேணாமா? போய்ப் பாரு. தண்ணிக்கு நான் இன்னா லீவு குடுத்துகினா கீறேன்?"

அவன் வாயை அடைப்பதற்காகவே விடுவிடுவென்று தொட்டிக்குப் போனாள். விளிம்பின் மேல் தண்ணீர் எப்போதும் நாலு விரல் கனத்தில் வழியும்; அது அவள் கைக்குப் பாடம். கையை வைத்தாள். நாலு விரல். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். இடது கையையும் வைத்துப் பார்த்தாள்.

"இன்னாக்கா, விரலு வீங்கிக்கீதா?" என்றான் தனசிங், பின்னால் வந்து நின்று.

அவள் விளிம்பை எவனாவது செதுக்கியிருப்பானோ என்று தடவினாள். பாசி கலையாமல் இருந்தது. ஆணி அடித்த இடத்திலேயே இருந்தது. பாறைமேல் நிற்கும் தொட்டி எங்கே போகும்? அப்படியே திரும்பித் தெற்கே பார்த்தாள். நூல், மாவு, லாரி, டிரைவர், நாய் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் ஒன்றை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை.

தன் கொட்டகையிலிருந்து, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூப் சுருளை எடுத்து வந்து தண்ணீர் நிரப்பினாள். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பது அதில்தான். "இத ஆணிக்கு நேரா புடி. ஆடாத" என்று ஒரு முனையை அவன் கையில் திணித்துவிட்டு, மறுமுனையோடு கரையைச் சுற்றி நடந்து கல்லுக்குப் போனாள். டியூபில் தண்ணீர் அசைந்து அசைந்து ஓய்ந்தது. ஆணிக்கு நேர் மட்டம் பதினான்காம் கோட்டில் இல்லை. பதினெட்டில் இருந்தது.

தண்ணீர் ஏறவில்லை. கல் இறங்கியிருக்கிறது.

கல் மட்டும்தானா? கரை முனையில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். நடுவில் முப்பதடி நீளத்துக்குக் கரையே தூளிபோலத் தொய்ந்திருந்தது. அந்தப் பக்கம் இறங்கி அடிவாரத்துக்கு ஓடினாள். புல்லுக்கு நடுவே விரல் தடிமனில் தண்ணீர் கொப்புளித்து வந்துகொண்டிருந்தது.

"மண்கரைன்னா கசியத்தானக்கா செய்யும்?" தனசிங்கின் குரலில் இப்போது கேலி இல்லை.

"தெளிஞ்சு வந்தா பரவால்ல." அவள் கையில் ஏந்திக் காட்டினாள். செம்மண் கரைந்த தண்ணீர். "இது கலங்கி வருது. உள்ள மண்ணை அரிச்சு இட்டுகினு வருது."

பத்தடி தள்ளி ஒரு வீட்டுக் கொடியில் பள்ளிக்கூடச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன.

தீபா அரை மணியில் வந்துவிட்டாள். மறைக்கவா பூசவா என்று பார்க்கிற ஜாதி இல்லை அந்தப் பெண். வரும் கழிவுநீரை அடுத்த பம்பிங் ஸ்டேஷனுக்குத் திருப்பச் சொன்னாள். முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களையும் கல்யாண மண்டபத்துக்குப் போகச் சொல்லி ஆள் அனுப்பினாள். உடனே ஒரு அடியாவது தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஆபீஸ் பம்பு வர இரண்டு நாள் ஆகும். வார முடிவில் மழை என்று போனில் செய்தி வந்திருந்தது.

அந்த இடத்தில் தண்ணீரை உறிஞ்சத் தயாராக இருந்தவை மூன்றே லாரிகள். டோக்கன் இல்லாமல் மூன்று நாளாகச் சும்மா நின்றவை.

பொன்னியம்மாள் தனசிங்கைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான்.

"வண்டியக் கொண்டா தனசிங்கு."

"திருடன் வண்டியாச்சேக்கா. ஆவுமா?"

"ஆவும். நீ ஊத்தல. என் கல்லு இறங்கிக்கீது, நான் உன் மேல ஏறிட்டேன். போதுமா? திட்டறத அப்பறம் நின்னு வாங்கிக்கிறேன். இப்ப வண்டியக் கொண்டா. கீழ புள்ளைங்க கீது."

அவன் அதற்குமேல் நிற்கவில்லை. பைக்கை மிதித்தான்.

தீபா போனில் ரிப்போர்ட் தட்டிக்கொண்டிருந்தாள். "அளவுக்கருவியில கோளாறுன்னு போட்டுடறேன். யார் பேரும் வேணாம், பொன்னியம்மா."

"அதெப்படி மேடம்? பேரு போடுங்க. தனசிங்கு ஊத்தலன்னு மொதல்ல போடுங்க. அப்பறம், பொன்னியம்மா நட்ட கல்லு, பொன்னியம்மாதான் தப்பாப் படிச்சா, பொன்னியம்மாவேதான் டியூப் புடிச்சுக் கண்டும் புடிச்சா. மூணையும் போடுங்க."

முதல் லாரியோடு திரும்பி வந்து குழாயை இறக்கிக்கொண்டிருந்த தனசிங்கின் காதில் அது விழுந்தது. "நான் சொல்லித்தான கண்டுபுடிச்ச!"

"அதயும் போடுங்க மேடம்," என்றாள் பொன்னியம்மாள். "சின்ன எழுத்துல."

லாரிகள் பாண்டுக்கும் பம்பிங் ஸ்டேஷனுக்குமாக மூன்று நாள் இரவும் பகலும் ஓடின. மூன்றாம் நாள் பம்பும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் ஓரடிக்கும் மேல் இறங்கியது. கசிந்த இடத்தில் மணலும் ஜல்லியும் கொட்டி மெத்தினார்கள். மண்ணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விடுவது எப்படி என்று ஆட்களுக்குப் பொன்னியம்மாள் நின்று சொல்லிக்கொடுத்தாள். தீபா குறுக்கே பேசவில்லை. தொய்ந்த கரையைக் களிமண் போட்டு இடித்து உயர்த்தினார்கள். ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் அடித்தது. முப்பத்திரண்டு வீட்டுத் தெருவிலும் முழங்கால் தண்ணீர் நின்றது. எல்லாம் வானத்துத் தண்ணீர். பாண்டுத் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

இப்போது அளவுக் கோடுகள் கான்கிரீட் தொட்டியிலேயே இருக்கின்றன. பழைய கல்லையும் அவள் பிடுங்க விடவில்லை; ஆணிக்கு நேராக அதன் கோடுகளைத் திருத்திப் போட்டிருக்கிறாள். காலையில் இரண்டையும் படிக்கிறாள். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் லாரியைப் பார்க்காமல் கரை அடிவாரத்துக்கு நடக்க வேண்டும் என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட உத்தரவு.

தனசிங் டோக்கனோடு வருகிறான். ஒருநாள் கேட்டைத் திறந்தபோது அவன் மார்பில் ஏதோ தட்டுப்பட்டு அறுந்தது. கறுப்பு நூல்.

"இன்னாக்கா, இன்னுமா?"

"உனக்கு இல்லப்பா அது."

"பின்ன யாருக்கு?"

பொன்னியம்மாள் அறுந்த நூலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் போய் டயரில் கோலமாவு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள்.