பின்கேட் 2

சின்ன வயதில் எனக்கு நேர்மை என்று ஒரு வியாதி இருந்தது. கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கூடுதலாகத் தந்துவிட்டால் பாதி வழியிலிருந்து திரும்பி ஓடுவேன். டீச்சர் கூட்டலில் தப்புப் பண்ணி எனக்கு நான்கு மார்க் அதிகம் போட்டிருந்தபோது, எழுந்து நின்று அதைச் சொல்லி, நான்கையும் இழந்து, ஒரு வாரம் வகுப்பில் பேச ஆளில்லாமல் திரிந்தேன். ஞாயிறு பள்ளிக்காரர்கள் இதையெல்லாம் கேள்விப்பட்டு, சபை முழுக்கப் பார்த்திருக்க எனக்கு ஒரு பரிசு தந்தார்கள். பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி. உள்ளே சோப்பு இல்லை. ஆனாலும் அது என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாசமாய்ப் போகட்டும் அந்தச் சோப்புப் பெட்டி.

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் வீட்டை விற்றோம். தக்கலைக்குப் பக்கத்தில், சானல் என்று நாங்கள் சொல்லும் கால்வாயின் கரையை ஒட்டிய வீடு. அப்பா கல்ஃபிலிருந்து வரும்போது வழக்கம்போலப் பெட்டி நிறையச் சாமான் வரும் என்று காத்திருந்தோம். அவர் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், முகம் வீங்கி வந்து இறங்கினார். ஆபரேஷன் பண்ணினால்தான் ஆள் இருப்பார் என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவின் நகையெல்லாம் அதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. மிச்சமிருந்தது வீடு ஒன்றுதான்.

வீடு நல்ல வீடு. விலையும் நியாயமான விலை. பார்க்க வந்தவர்கள் முன்வாசலில் சிரித்துக்கொண்டே நுழைந்தார்கள், அடுக்களையைப் பாராட்டினார்கள், கிணற்றை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். மரங்கள் நிற்கிற பின்விளைக்குப் போனதும் முகம் மாறித் திரும்பினார்கள். அங்கே அயனி மரத்தடியில் என் தம்பி இருந்தான்.

எங்கள் பக்கம் வீட்டு விளையிலேயே அடக்கம் பண்ணுகிற வழக்கம் உண்டு. சபைக்கென்று கல்லறைத் தோட்டம் இருந்தாலும் சொந்த மண் உள்ளவர்கள் சொந்த மண்ணில்தான் வைப்பார்கள். பக்கத்து வீட்டில் மூன்று தலைமுறை வரிசையாகக் கிடந்தது, அதன்மேல் தேங்காய் காயப்போடுவார்கள். தம்பி நான்கு வயதில் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போனவன். அவனுடைய கல்லறை ஒரு பெஞ்சு நீளம்கூட வராது. அடுக்களைக்கு ஒட்டியதில் மிஞ்சிய நீல டைல்ஸை அப்பா லீவில் வந்தபோது தன் கையாலேயே அதன்மேல் பதித்தார். நான் அதில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு படிப்பேன். அம்மா துணி காயப்போடப் போகும்போது, "எழும்பியாச்சா மக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடியைத் தொடுவாள். எனக்கு இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமாகத்தான் தெரிந்தது.

மூன்று பேர் அப்படித் திரும்பிப் போன பிறகு கொட்டாரம் என்கிற ஊரிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். மனைவிக்குத் தக்கலையில் டீச்சர் வேலை. அவர்கள் குடும்பத்தில் வீட்டு விளையில் அடக்கம் பண்ணும் பழக்கமே இல்லையாம். அந்த அக்கா நீல டைல்ஸைப் பார்த்ததும் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் நல்ல மனிதர். இன்றைக்கும் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

"நாங்க அதத் தொட மாட்டோம் அண்ணாச்சி. அப்படியே கிடக்கட்டும். ஆனா நீங்க வந்து போய்ட்டு இருக்கப்பிடாது. இவளுக்குப் பயமாக்கும். யாராவது வந்து நின்னு அழுதா இவ இந்த வீட்டுல எப்படி இருப்பா, சொல்லுங்க."

ரெண்டு நாளில் சொல்வதாக அப்பா சொன்னார். அன்று சாயங்காலம் அடுக்களையில் அம்மாவும் அவரும் பேசியது எனக்குக் கேட்டது.

"பிள்ளைய விட்டுட்டு எப்படிங்க போறது?"

"அப்ப நான் போய்ச் சேரட்டா? அத நீயே சொல்லு."

உலைமூடி கீழே விழுகிற சத்தம் கேட்டது. மறுநாள் அப்பா கொட்டாரத்துக்குப் போன் பண்ணி, "வரமாட்டோம். எழுதிக்கிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

கிரயப் பத்திரத்தை எங்கள் ஊரில் ஆதாரம் என்போம். ஆதாரம் எழுதுகிறவரின் அறையில் நாங்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க, அவர் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு சொத்து விவரத்தை உரக்க வாசித்தார். நாலு எல்லைக்கு உட்பட்ட வீடு, கிணறு, மோட்டார், கரண்ட் கனெக்ஷன், தென்னை பதினொன்று, பலா ஒன்று, அயனி ஒன்று, சானல் கரைக்குப் போகிற வழி. எனக்குத்தான் வியாதி உண்டே! விட்டுப்போனதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தம்பிய எழுதலியே?" என்றேன்.

ஆதாரம் எழுதுகிறவர் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். "மரம், கெணறுன்னா எழுதலாம் மக்கா. அத எழுதினா பொறவு வில்லங்கமாக்கும்" என்றார். கொட்டாரத்துக்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்துத் தன் மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டை ஒப்படைப்பதற்கு முந்தின நாள் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. எந்தச் சாவி எதற்கென்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? உன் கையெழுத்துதான் நல்லா இருக்கு, எழுதிக் கட்டு என்று அப்பா சொன்னார். பழைய கிறிஸ்மஸ் கார்டுகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, நூல் கோர்த்துக் கட்டினேன். முன்கேட், முன்வாசல், அடுக்களை, மாடிக்கதவு, மோட்டார் ரூம். பின்கேட்டுக்கு மட்டும் இரண்டு சாவி இருந்ததால் பின்கேட் 1, பின்கேட் 2. ஆக மொத்தம் ஏழு. அந்தப் பின்கேட்டைத் திறந்தால் சானல் கரை. உள்ளே பத்து எட்டு வைத்தால் அயனி மரம். வீட்டிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது, மோட்டார் ரூம் மறைக்கும். இதையெல்லாம் நான் இப்போதுதான் யோசிக்கிறேன். அப்போது என் யோசனையெல்லாம் 'மோட்டார்' என்கிற வார்த்தையை அந்தச் சின்ன அட்டையில் எப்படி அடக்குவது என்பதுதான்.

பதிவு முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். சாமான் எல்லாம் முந்தின நாளே வாடகை வீட்டுக்குப் போயிருந்தது. வெறும் அறைகளில் பேசினால் எதிரொலித்தது. அம்மா அன்று அழவில்லை. அவள் விழுந்து புரண்டு அழப்போகிறாள் என்று அப்பா பயந்துகொண்டிருந்தார். அவளோ தலைவாரி, வெளுத்த சேலை கட்டி, ஆராதனைக்குப் போகிறவள் மாதிரி ஜிப் வைத்த கவரில் வேதாகமத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நந்தியாவட்டைக்குத் தண்ணி ஊத்திட்டு வாறேன். இத வச்சிரு மக்கா. தாழ வைக்காத" என்று வேதாகமத்தை என்னிடம் தந்துவிட்டு அவள் பின்பக்கம் போனாள். கல்லறையின் தலைமாட்டில் நின்ற செடி அது.

அப்பா ஒரு ஜவுளிக்கடைப் பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். முன்னாதாரம், வீட்டு வரி ரசீது, கரண்ட் அட்டை. பிறகு சாவிக்கொத்தைக் கொடுத்தார். கொட்டாரத்துக்காரர் என்னுடைய அட்டைகளைச் சத்தமாக வாசித்தார். "அடேயப்பா, எழுத்து முத்து முத்தா இருக்கே!" என்றார். எனக்குக் காதுவரை சூடானது. அவர் வாசித்து முடித்தபோது நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறுதான் வந்தது. என்னுடைய ஏழில் ஒன்று குறைந்தது.

எங்கே போயிருக்கும்? யோசித்துக்கொண்டே வேதாகமக் கவரின் ஜிப்பைத் திறந்தேன். அம்மா அதில் எனக்கென்று பெப்பர்மின்ட் மிட்டாய் வைத்திருப்பாள், பிரசங்கம் நீளும்போது தருவதற்கு. மிட்டாய் ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்து வாயில் போட்டேன். அடியில் விரலில் நூல் தட்டுப்பட்டது. இழுத்தால், என் அட்டை. பின்கேட் 2.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! அம்மா மறதியாக உள்ளே போட்டுவிட்டாள் பார், நல்லவேளை நான் பார்த்தேன் என்று ஓடினேன். "மாமா, இதும் உங்களுக்குள்ளதாக்கும். மறந்து எங்க கூட வந்திருக்கும்" என்று நீட்டினேன்.

அப்பா அந்தச் சாவியைப் பார்த்தார். அதை எங்கிருந்து எடுத்தேன் என்று ஜிப் திறந்து கிடந்த கவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கொட்டாரத்துக்காரரின் கை அதற்குள் நீண்டுவிட்டது.

"பாத்தியா? பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று அவர் மனைவியிடம் சொன்னார். தன் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து எனக்குத் தந்தார். "வச்சுக்க மோளே. நல்லா வருவே" என்றார்.

அப்பா முன்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வேணுமா என்று அந்த அக்கா கேட்டாள். வேண்டாம் என்று கையை அசைத்தார்.

அம்மா திரும்பி வந்தாள். சேலை ஓரம் நனைந்திருந்தது. அந்த அக்காவின் கையைப் பிடித்து, "நல்லா இருங்க" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். நான் ஜிப்பை மூடி நீட்டிய வேதாகமத்தை வாங்கிக்கொண்டு, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினாள். அப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சானல் பாலத்தில் ஆட்டோ திரும்பும்போது எங்கள் பின்கேட் தெரியும். அம்மா அதைப் பார்த்தாள். பார்த்தபடியே ஜிப்பை இழுத்து உள்ளே கைவிட்டாள். ஒரு பக்கம் தடவினாள், மறுபக்கம் தடவினாள். வேதாகமத்தையே வெளியே எடுத்துக் கவரை மடியில் கவிழ்த்து உதறினாள். ஒரு காணிக்கைக் கவரும் மிட்டாய்க் காகிதமும்தான் விழுந்தன.

எனக்கு மனசாட்சி குத்தியது. "நான்தாம்மா எடுத்தேன்" என்றேன்.

அம்மாவின் முகம் ஒரு நொடி எப்படி மலர்ந்தது! "எங்க மக்கா? எங்க வச்சிருக்கே? தா."

"தின்னுட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. "சாவி, சாவி" என்றாள் குரலைத் தாழ்த்தி. முன்னால் அப்பாவின் தோள் இறுகியது. அவர் திரும்பவில்லை.

"அதா? அத அந்த மாமாட்டக் குடுத்துட்டேனே. நீ மறந்து வச்சிருந்தே. எனக்குப் பேனா தந்தாவ" என்று பேனாவைக் காட்டினேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். பேனாவை வாங்கிப் பார்த்தாள், மூடியைக் கழற்றினாள், திரும்பப் பூட்டினாள். "நல்ல பேனா" என்றாள். அதன்பின் வாடகை வீடு வரும்வரை ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஈஸ்டர் அன்று விடியுமுன்னே கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் கோயிலுக்குப் போவார்கள். அடுத்த ஈஸ்டருக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சானல் கரைக்குப் போனாள். அதே கேட், அதே பூட்டு. கம்பி வழியாகக் கையை முழங்கைவரை உள்ளே விட்டு மண்ணில் மெழுகுவர்த்தியை ஊன்றினாள். காற்று இரண்டு தடவை அணைத்துவிட்டது. மூன்றாவது தடவை தீப்பெட்டியில் குச்சி இல்லை. பத்து எட்டுக்கு அப்பால் நீல டைல்ஸ் மங்கலாகத் தெரிந்தது. எழும்பியாச்சா என்று அவள் கேட்கவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்டுவிடும். அப்பா அந்த ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருஷம்தான் இருந்தார். சொந்த மண் இல்லாததால் அவரைச் சபைத் தோட்டத்தில் வைத்தோம். பின்கேட் இருந்த இடத்தில் பிற்பாடு சுவர் எழும்பியது. அம்மா இன்றுவரை அந்தச் சாவியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் நினைக்கிறேன். எனக்கு நாக்கு எழும்பவில்லை.

ஒப்படைத்த அன்று சாயங்காலம் வாடகை வீட்டில் பாய் விரித்துக் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். சாமான் இன்னும் கட்டு அவிழ்க்கப்படாமல் சுற்றிலும் கிடந்தது. ஜெபம் பண்ண வேண்டியது என் முறை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்பாவின் சுகத்துக்காகக் கேட்டேன், புது வீட்டுக்காக நன்றி சொன்னேன். பிறகு எனக்கு அந்த விஷயம் ஞாபகம் வந்தது. தேவனிடம் சொல்லாமல் எப்படி?

"அம்மா மறந்துபோன சாவியை என் கையில் கிடைக்கப் பண்ணினதற்காக நன்றி ஆண்டவரே. நாங்கள் யாரையும் ஏமாற்றாமல் எங்களைக் காத்தீரே" என்று உரக்க, நிறுத்தி நிறுத்தி, சபையில் சொல்வதுபோலச் சொல்லி முடித்தேன்.

அப்பா ஆமென் சொல்லவில்லை. வியாதிக்காரர், தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமல் காத்திருந்தேன். ஜெபத்தை ஒருவராவது முடித்துவைக்க வேண்டுமே.

"ஆமென்" என்றாள் அம்மா.