பன்னிரண்டாம் உறை

அடுப்புச் சாம்பலை உள்ளங்கையில் போட்டு, விரலிடுக்கு, நகக்கண் என்று ஒன்றும் விடாமல் தேய்த்துக்கொண்டிருக்கிறார் ஜெபரட்ணம். யுத்தத் தடையில் சவர்க்காரம் வன்னியைத் தாண்டி யாழ்ப்பாணம் வராத காலம். மூன்று தரம் கழுவி, கொடியில் தனியாகத் தொங்கும் வெள்ளைத் துவாயில் துடைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்தபடி நிற்கிறார். ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் றங்குப்பெட்டி திறக்கும். அந்தத் துவாயை வீட்டில் வேறு எவரும் தொடக்கூடாது.

மானிப்பாயில் ஒரு மருந்துக்கடையில் மருந்து கலப்பது அவர் தொழில். சேர்ப்பதோ, ஓவியர்கள் பத்து இருபது பிரதி மட்டும் செய்து, இலக்கம் போட்டுக் கொடுக்கும் சின்னப் புத்தகங்களையும் பொருட்களையும். அரிசிக்கே வரிசையில் நிற்கிற ஊரில் இதற்கெல்லாம் ஆள் உண்டா என்று கேட்பீர்கள். செய்வதற்குச் சந்தியோகு இருந்தார், சேர்ப்பதற்கு இவர்.

சந்தியோகு கொடிகாமத்தில் சித்திர வாத்தியார். தேய்ந்த இறப்பர்ச் செருப்பின் அடியைச் செதுக்கி அச்சுக் கட்டை செய்வார். விளக்குப் புகைக்கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்தால் மை. ஒருமுறை இருபது நெருப்புப்பெட்டிகள் செய்தார். ஒவ்வொன்றிலும் ஒரேயொரு குச்சி; மேலே 'அவசரத்துக்கு' என்று அச்சு. பத்தொன்பது பேர் அந்தக் கிழமையே அடுப்பு மூட்டிவிட்டார்கள். இருபதாவது மட்டும் ஜெபரட்ணத்தின் பெட்டிக்குள், காய்ந்த வேப்பிலைக்கு நடுவே, குச்சியோடு பத்திரமாக இருக்கிறது.

எதிலும் அவருக்குக் கடைசி இலக்கம்தான் வேண்டும். "முதலாவதை ஆரும் வேண்டுவினம். கடைசி இலக்கம் கையிலை வந்தால்தான் அந்த வேலை முடிஞ்சுதெண்டு அர்த்தம்" என்பார். அதற்காகக் கொடிகாமம் வரை சைக்கிள் மிதிப்பார். அவர் மனைவி மியூரியல் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "என்னிலை இலக்கம் போடேல்லை. அதுதான் மனுசன் திரும்பியும் பாக்கிறதில்லை."

தொண்ணூற்று மூன்றில் சந்தியோகு பன்னிரண்டு உறைகள் செய்தார். மண்ணிறத் தாள், வாயில் அரக்கு முத்திரை, மேலே 'திறக்காதவரை' என்ற அச்சு. ஒவ்வொன்றுக்குள்ளும் தன் கையால் ஒரு பக்கம் எழுதி வைத்திருப்பதாகவும், ஒன்றைப் போல் மற்றது இல்லையென்றும் சொன்னார். பதினொரு பேர் வீடு போய்ச் சேருமுன்பே கிழித்துப் பார்த்தார்கள். அந்தத் தாள்கள் பிறகு பேக்கரியில் பாண் சுற்றப் போயினவோ, யார் கண்டது? பன்னிரண்டாவதைக் கொடுக்கும்போது சந்தியோகு கேட்டார்: "அண்ணை, நீங்கள் ஒராளாவது திறக்காமல் வைச்சிருங்கோ." இவரும் "ஓம்" என்றார்.

போன மாசியில் கொடிகாமத்தில் குண்டு விழுந்தது. வீடு, அச்சுக் கட்டைகள், கொப்பிகள், சந்தியோகு எல்லாம் ஒரேயடியாகப் போயின. சந்தைக்குப் போயிருந்ததால் அவர் மனைவி இராசமலர் தப்பினார். புருஷனின் ஒரு படமோ, அவர் எழுதிய ஒரு வரியோகூட அவருக்கு மிஞ்சவில்லை.

கடந்த இரண்டு ஞாயிறும் இராசமலர் வந்து அந்த உறையைக் கேட்டார். பெட்டியில் இருந்த மற்ற எல்லாவற்றையும் எடுத்து ஜெபரட்ணம் அவர் முன்னால் பரப்பினார். மூலைகளில் சந்தியோகு பென்சிலால் போட்ட இலக்கங்களைத் தொட்டுக் காட்டினார். "இது அவரின்ரை கையெழுத்துத்தானே, பிள்ளை. எல்லாத்தையும் கொண்டு போ. உறையை மட்டும் கேளாதை. வாக்குக் குடுத்திட்டன்."

"உது இலக்கம், அண்ணை" என்றார் இராசமலர். "இலக்கத்திலை அவர் கதைக்கிறாரில்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இராசமலர் போன பிறகு, பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில், "வைக்கோற்போர் நாயின்ரை வேலையெல்லோ அண்ணை பாக்கிறியள்?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "திறந்தால் அந்த வேலையே இல்லாமல் போயிடும், தம்பி. பன்னிரண்டும் கிழிஞ்ச கடுதாசி. அவங்கள் குண்டு போட்டு அவரை ஒருக்காக் கொன்றாங்கள், நான் இன்னொருக்காக் கொல்லவோ?" என்றார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் பார்த்துக்கொண்டிருப்பவன் பாடுதான் பெரும்பாடு. அந்தக் கிழமை முழுக்க அவர் பெட்டிப் பக்கமே போகவில்லை. இருமல் மருந்தை இரண்டு தரம் பிழையாகக் கலந்து, கொட்டிவிட்டுத் திரும்பக் கலந்தாராம்.

இன்று மூன்றாவது ஞாயிறு. இராசமலர் வந்து கதவோரம் நிற்கிறார். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. சைக்கிள் மிதித்து வந்த புழுதி கால்களில் அப்படியே இருக்கிறது. ஜெபரட்ணம் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவத் தொடங்கியதைத்தான் முதலில் சொன்னேன்.

கை காய்ந்ததும் உறையை எடுத்து வந்து மேசையில் வைக்கிறார். அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறது. இராசமலர் கை நீட்டுகிறார்.

"பொறு பிள்ளை."

நீட்டிய கை பின்வாங்குகிறது. மனுசன் மறுபடியும் மனம் மாறிவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீரும் சிரட்டையில் சாம்பலும் கொண்டு வருகிறார். "கையைக் காட்டு" என்று முற்றத்தில் வைத்து மூன்று தரம் ஊற்றுகிறார். கொடியிலிருந்து அந்த வெள்ளைத் துவாயை உருவி இராசமலரின் ஈரக் கையில் கொடுக்கிறார். பிறகு மேசைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி நின்றுகொள்கிறார்.